3 கிலோவாட் கிரிட் இணைப்பு சோலார்: இந்தத் திட்டத்தில் எங்கே தப்பு?

#1 மாடிவெயில்

கிரிட், அதாவது மின் விநியோக லைனோடு சேர்ந்து ஓடும் சோலார் இது. பொருள் வாங்கும் முன்பே திட்டத்தை இங்கே வைத்துவிடுகிறேன். கிழிப்பதை இப்போதே கிழித்துவிடுங்கள்.

540 வாட் மோனோ பேனல் 6. லேபிளில் இருப்பவை: ஓப்பன் சர்க்யூட் (சுமை இல்லாதபோது) 49.5 வோல்ட், ஷார்ட் சர்க்யூட் (இரு முனையையும் நேராகச் சேர்த்தால்) 13.8 ஆம்பியர், முழுத் திறனில் 41.5 வோல்ட், 13 ஆம்பியர். ஆறையும் தொடர் வரிசையில் ஒரே ஸ்ட்ரிங்காகக் கோத்து, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு (பேனலின் டிசியை வீட்டு ஏசியாக்கும் பெட்டி) கொடுக்கிறேன். இன்வெர்ட்டர் மாடிப்படி அறையின் வெளிச்சுவரில். பேனலிலிருந்து அங்கே 12 மீட்டர், 4 சதுர மி.மீ. சோலார் கேபிள். அங்கிருந்து தரைத்தள மெயின் போர்டுக்கு 35 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு. அது முடியாவிட்டால் மேல்மாடி அறையில் இருக்கிற 16 ஆம்பியர் பிளக் பாயின்டிலேயே இணைத்துவிடலாமா என்றும் ஒரு எண்ணம்.

பேனல்கள் கூரைமேல் கிட்டத்தட்டப் படுக்கையாக. ஒரு பேனலில் மட்டும் மாலை 3 மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி யுபிஎஸ்ஸும், மாற்று சுவிட்ச் வழியாக ஒரு சின்ன ஜெனரேட்டரும் உண்டு.

#2 ஓம்விதி

முதலில் ஸ்ட்ரிங் கணக்கு. 6 × 49.5 = 297 வோல்ட். இது 25 டிகிரியில். குளிர்ந்தால் வோல்ட் ஏறும். இந்த வகைப் பேனலில் டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவில். விடியற்காலை 10 டிகிரி என்று வைத்தால் 15 × 0.27 = சுமார் 4 சதவீதம், ஆக 309 வோல்ட். இன்வெர்ட்டரின் உச்ச டிசி வரம்பு 500 அல்லது 600 என்றால் கவலையே இல்லை. உறைபனி விழும் இடமாக இருந்தால் அங்குள்ள மிகக் குறைந்த வெப்பநிலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிட வேண்டும். இந்த வரம்பை ஒரே ஒரு காலை தாண்டினாலும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் போய்விடும், வாரண்டியும் அதோடு போகும்.

வெயில் பக்கம்: நண்பகலில் செல் 65 டிகிரி வரை போகும். வேலை வோல்ட் டிகிரிக்கு 0.35 சதவீதம் இறங்கும் என்று கொண்டால் 40 × 0.35 = 14 சதவீதம். 249 வோல்ட் 214 ஆகிறது. எம்பிபிடி (பேனலிலிருந்து உச்சத் திறனை எடுக்கும் பகுதி) வரம்பு 80 அல்லது 100 வோல்ட்டில் தொடங்கும் இன்வெர்ட்டருக்கு இது தாராளம்.

வோல்ட்டில் பிழை இல்லை. ஆம்பியரைப் பார்த்தீர்களா? இந்தப் பெரிய பேனல்கள் 13 ஆம்பியர் தருகின்றன. கொஞ்சம் பழைய வடிவமைப்பு இன்வெர்ட்டர்களில் ஒரு எம்பிபிடிக்கு 11 அல்லது 12.5 ஆம்பியர்தான் உச்சம். மாட்டினால் வெடித்துவிடாது, ஆனால் மேலே உள்ளதை வெட்டிவிடும். நல்ல வெயில் நேரத்தில் உங்கள் வரைபடம் தட்டையாக நிற்கும். டேட்டா ஷீட்டில் 'உச்ச உள்ளீட்டு மின்னோட்டம்', 'உச்ச ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம்' என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

ஒரே ஸ்ட்ரிங் என்பதால் ஸ்ட்ரிங் ஃபியூஸ் தேவையில்லை. இரண்டு ஸ்ட்ரிங் இணையாக இருந்தாலும் பொதுவாகத் தேவைப்படாது. மூன்றாவது சேரும்போதுதான் இரண்டின் மின்னோட்டம் பழுதான ஒன்றுக்குள் பின்வாசல் வழியாகப் பாயும். அப்போது ஒவ்வொன்றுக்கும் சோலாருக்கென்றே உள்ள ஜிபிவி வகை ஃபியூஸ் வேண்டும்.

#3 பழைய வயர்மேன்

பேனல் பக்கம் சார் சொன்னது சரி. எனக்கு இடிக்கிறது ஏசி பக்கம். 35 மீட்டருக்கு 2.5 வயரா? வேண்டாங்க.

எல்லாரும் வோல்ட் இறங்குறதைத்தான் கணக்குப் பண்ணுவாங்க. இங்க இறங்காது, ஏறும். கரண்ட் இன்வெர்ட்டர்ல இருந்து போர்டுக்குத் தள்ளப்படுது. தள்ளணும்னா போர்டை விட இன்வெர்ட்டர் முனையில வோல்ட் கூட இருக்கணும். 35 மீட்டர்னா போக வர 70 மீட்டர். 2.5 ஸ்கொயர் வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 8 ஓம்னு வையுங்க, 0.56 ஓம். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். பெருக்கினா 7.3 வோல்ட். போர்டுல 247 இருந்தா இன்வெர்ட்டருக்கு 254 தெரியும். 230-க்கு 10 சதவீதம் மேல, அதாவது 253-ல கட் ஆகணும்னு அமைச்சிருந்தா அது கட் ஆகும். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சேரும், மறுபடி கட் ஆகும். நல்ல வெயில் நேரத்துலதான் இந்தக் கூத்து நடக்கும், ஏன்னா அப்பதான் முழு ஆம்பியர் ஓடும்.

6 ஸ்கொயர் போட்டா அதே தூரத்துக்கு 3 வோல்ட்தான். 10 ஸ்கொயர்னா 2-க்குக் கீழ. வயர்ல மிச்சம் பிடிச்சா அதைப் பகல்ல யூனிட்டா கட்டிக்கிட்டே இருப்பீங்க.

இல்லைன்னா இன்வெர்ட்டரைக் கீழ மெயின் போர்டுக்குப் பக்கத்துல கொண்டு வந்துடுங்க. டிசி கேபிள் 45 மீட்டருக்குப் போகும், 6 ஸ்கொயர் போட்டா 4 வோல்ட் இறங்கும், 249-ல ஒண்ணரை சதவீதம். அது வெறும் நஷ்டம், ட்ரிப் ஆகாது. ஆனா 300 வோல்ட் டிசி வீட்டுக்குள்ள அறை வழியா வரக் கூடாது. வெளிச்சுவர்ல இரும்புக் குழாய்க்குள்ள, வழியெல்லாம் 'சோலார் டிசி'ன்னு ஒட்டி வரணும்.

16 ஆம்பியர் பிளக் பாயின்ட்ல இணைக்கிற எண்ணத்தை இப்பவே மறந்துடுங்க. அந்த வயருக்குக் காவல் ஒரு முனையில இருக்கிற எம்சிபிதான் (ஆம்பியர் மீறினா தானே விழுற சுவிட்ச்). அதே வயருக்கு நடுவுல இருந்து நீங்க 13 ஆம்பியர் கொடுத்தா, எம்சிபி வழியா 16 வந்து, சோலார்ல 13 வந்து, நடுவுல 29 ஆம்பியர் ஓடலாம். எம்சிபிக்கு 16 மட்டும்தான் தெரியும், அது விழாது. வயர் வேகும்.

#4 மாடிவெயில்

அந்த 29 ஆம்பியர் விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றிங்க. பிளக் பாயின்ட் யோசனையை விட்டாச்சு.

மெயின் போர்டில் வோல்ட் அளந்தேன். இரவு 228. காலை 11 முதல் 2 வரை 243 முதல் 248. சோலார் இன்னும் மாட்டாத நிலையிலேயே இவ்வளவு. ஸ்டெபிலைசர் ஒன்று போட்டால் சரியாகுமா?

#5 சுற்றுப்பாதை

ஸ்டெபிலைசர் உதவாது. அது கிரிட்டிலிருந்து வீட்டுப் பக்கம் இறக்கித் தரும் கருவி. எதிர்த்திசையில் மின்சாரம் பாய அது செய்யப்படவில்லை. ரிலே தட்டும்போதெல்லாம் இன்வெர்ட்டர் வேறு விழும்.

சோலார் இல்லாமலே 248 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் அமைப்பு) உயரத்தில் இருக்கலாம், அல்லது அக்கம்பக்கத்துக் கூரைகள் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கலாம். மின் விநியோக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது இது. எழுதும்போது 'வோல்ட் அதிகம்' என்று மட்டும் எழுதாமல் நேரத்தோடு அளவு கொடுங்கள்.

மாட்டிய பிறகும் ட்ரிப் ஆனால் குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இன்வெர்ட்டர் ஓடாதபோது மீட்டரிடத்தில் ஒரு அளவு. ஓடும்போது மீட்டரிடத்திலும் இன்வெர்ட்டர் முனையிலும் ஒரே நிமிடத்தில் இரண்டு அளவுகள். வீட்டு லோடை முடிந்தவரை அணைத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். உதாரணமாக 10 ஆம்பியர் தள்ளும்போது மீட்டரிடத்தில் 244 என்பது 249 ஆகிறது, இன்வெர்ட்டர் முனையில் 256 காட்டுகிறது என்று வைப்போம். மீட்டருக்கு வெளியே 5 ÷ 10 = 0.5 ஓம். மீட்டருக்கு உள்ளே 7 ÷ 10 = 0.7 ஓம். 6 சதுர மி.மீ. வயரை 35 மீட்டர் இழுத்த இடத்தில் கணக்குப்படி 0.23 ஓம்தான் இருக்க வேண்டும். மீதி 0.47 எங்கே? எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் நியூட்ரல் லிங்க்கில் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை). அது வோல்ட் பிரச்சினை மட்டுமல்ல; 13 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் கிட்டத்தட்ட 80 வாட் சூடு. போர்டு கருகுவது இப்படித்தான்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டர் மெனுவில் நாட்டை மாற்றி, வரம்பு அகலமாக உள்ள வேறு தேசத்து விதியைத் தேர்ந்தெடுத்து ட்ரிப்பை 'சரி செய்யும்' பழக்கம் இருக்கிறது. ஓடும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், ஏசி, பல்பு எல்லாம் 260 வோல்ட்டில் சேர்ந்து ஓடும். சில இன்வெர்ட்டர்களில் வோல்ட் ஏற ஏற வெளியீட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வோல்ட்-வாட் அமைப்பு உண்டு. அனுமதி இருந்தால் அதை இயக்குங்கள். முழுதாக விழுவதைவிட 10 சதவீதம் குறைவது மேல்.

#6 காற்றாடி

இடையில் ஒரு கேள்வி. மாடியில் காற்று நன்றாக வீசுகிறது. இதே இணைப்பில் ஒரு சின்னக் காற்றாலையும் சேர்த்தால் இரவிலும் கிடைக்குமே?

#7 ஓம்விதி

2 மீட்டர் விட்டமுள்ள சுழலிக்கு வீச்சுப் பரப்பு 3.14 சதுர மீட்டர். விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் அந்தப் பரப்பைக் கடக்கும் ஆற்றல் 0.5 × 1.2 × 3.14 × 64 = 120 வாட். 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு. சின்ன இயந்திரத்தில் 30 சதவீதம் கிடைத்தாலே நல்லது. ஆக 36 வாட். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காற்று இரட்டிப்பானால் எட்டு மடங்கு கிடைக்கும், உண்மை. ஆனால் கூரைக்கு மேல் வரும் காற்று சுவரில் மோதிச் சுழன்று வருவது; கன்னத்தில் படும்போது பலமாகத் தெரியும், சுழலிக்கு உதவாது.

இணைப்பிலும் வேறுபாடு உண்டு. கிரிட் போனால் பேனலை அப்படியே விட்டுவிடலாம், வெயிலில் சும்மா கிடக்கும். சுழலியை அப்படி விட்டால் சுமை இல்லாமல் வேகம் எகிறும். அந்த ஆற்றலை எரித்துத் தள்ள ஒரு டம்ப் லோடு ரெசிஸ்டரும் பிரேக்கும் கட்டாயம். சோலார் இன்வெர்ட்டரில் அதை நேராகச் செருக முடியாது. வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

#8 பழைய வயர்மேன்

டிசி பக்கத்துக்கு வாங்க. தீப்பிடிக்கிற இடம் அதுதான்.

ஏசி எம்சிபியை டிசியில போடாதீங்க. ஏசியில ஒரு விநாடிக்கு 100 தடவை கரண்ட் பூஜ்யத்தைத் தொடும், பொறி அங்க அணையும். டிசியில பூஜ்யமே கிடையாது. காண்டாக்ட் பிரிஞ்ச பிறகும் பொறி நின்னு எரியும். டிசின்னு எழுதின எம்சிபியிலயும் ஒரு கண்ணி இருக்கு. சிலதுல பிளஸ் மைனஸ் குறி போட்டிருக்கும், மாத்திக் கொடுத்தா உள்ள இருக்கிற காந்தம் பொறியை அணைக்கிற பக்கம் தள்ளாம எதிர்ப்பக்கம் தள்ளும். சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. லோடுல ஆஃப் பண்ற அன்னைக்குப் பெட்டி எரியும். திசை பார்க்காத டிசி ஐசொலேட்டரா (டிசியைத் துண்டிக்கிற சுவிட்ச்) வாங்குங்க, ஸ்ட்ரிங் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் மேல ரேட்டிங் இருக்கட்டும்.

அடுத்து எம்சி4, பேனல் கேபிள்களைச் சேர்க்கிற கனெக்டர். பேனல்ல வர்றது ஒரு கம்பெனி, நீங்க வாங்குறது இன்னொரு கம்பெனி, ரெண்டும் 'பொருந்தும்'னு கடையில சொல்லுவாங்க. டிக்குன்னு சேரும்தான். உள்ள பின்னுக்கும் ஸ்லீவுக்கும் அளவும் பூச்சும் வேற வேற, வருஷம் போகப் போகச் சூடாகி உருகும். பேனலோட கனெக்டர் எந்த மாடலோ அதே மாடல் வாங்குங்க. கிரிம்பிங்குக்கு (வயர் மேல பின்னை நசுக்கிப் பிடிக்க வைக்கிறது) அதுக்குன்னு உள்ள பிளையர்தான், சாதா கட்டிங் பிளையர்ல நசுக்கறது கூடவே கூடாது. கிரிம்ப் பண்ணினதும் பின்னைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. உறைக்குள்ள தள்ளும்போது 'கிளிக்' கேட்கணும். பின்பக்க மரையை ஸ்பேனர் போட்டு இறுக்குங்க, கையால போதாது, தண்ணி போறது அந்த வழியாத்தான். மாட்டாத முனையை மூடி போட்டு வையுங்க. கனெக்டர் கூரைத் தரையில கிடக்கக் கூடாது, ரயில்ல கட்டித் தொங்கணும். சாதா வெள்ளை கேபிள் டை ரெண்டு வெயில் காலம் தாங்காது. வெயிலுக்குன்னு உள்ள கறுப்பு டை, இல்ல ஸ்டீல் கிளிப்.

வெயில்ல ஓடிக்கிட்டிருக்கும்போது எம்சி4-ஐப் பிடுங்காதீங்க. ஏசியை நிறுத்தி, ஐசொலேட்டரை நிறுத்தி, கிளாம்ப் மீட்டர்ல ஆம்பியர் பூஜ்யம்னு பார்த்துட்டுப் பிடுங்குங்க.

#9 சுற்றுப்பாதை

சர்ஜ் அரெஸ்டரையும் (மின்னல் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) எர்த்தையும் யாரும் தொடவில்லை. டிசியில் டைப் 2 ஒன்று, ஏசியில் டைப் 2 ஒன்று. கட்டடத்தில் இடிதாங்கி இருந்து, அதன் கம்பிக்கும் பேனலுக்கும் போதிய இடைவெளி விட முடியாவிட்டால் டைப் 1+2. அரெஸ்டருக்குப் போய் வரும் வயர் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2 மீட்டர் வயரில் சுருட்டித் தொங்கவிட்டால் அது அலங்காரப் பொருள். பிளஸ், மைனஸ் கேபிள்கள் ஒன்றையொன்று ஒட்டியே ஓடட்டும். ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமும் சுற்றி வந்தால் நடுவில் ஒரு பெரிய வளையம். தூரத்து மின்னல்கூட அதில் வோல்ட்டைத் தூண்டும்.

#10 பழைய வயர்மேன்

எர்த்துக்கு டிசிக்குத் தனிக்குழி, ஏசிக்குத் தனிக்குழி, அரெஸ்டருக்கு ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு சேரக் கூடாதுன்னுதான் பல இடத்துல போடுறாங்க.

#11 சுற்றுப்பாதை

குழி எத்தனை வேண்டுமானாலும் தோண்டட்டும், உள்ளூர் விதி கேட்டால் தோண்டித்தான் ஆக வேண்டும். 'சேரக் கூடாது' என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அருகில் இடி விழுந்தால் ஒரு குழியின் தரை சில ஆயிரம் வோல்ட் ஏறும், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு குழி அவ்வளவு ஏறாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருப்பது யார்? உங்கள் இன்வெர்ட்டர். ஒரு பக்கம் டிசி எர்த், மறுபக்கம் ஏசி எர்த், அந்த வித்தியாசம் முழுவதும் அதன் உள்ளே விழும். எல்லாக் குழிகளையும் மண்ணுக்கடியிலோ மெயின் எர்த் பாரிலோ இணைத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும்.

#12 பழைய வயர்மேன்

நீங்க சொல்ற காரணம் புரியுது. குழி தனி, பார் ஒண்ணுன்னு வைச்சுக்கலாம். பேனல் சட்டத்துல எர்த் குறி போட்ட ஓட்டை இருக்கும், அங்கதான் கட்டணும், 6 ஸ்கொயர் பச்சை வயர். செம்பு லக்கை நேரா அலுமினியத்துல முறுக்கினா ரெண்டு மழையில அரிச்சுடும். வெள்ளீயம் பூசின லக், நடுவுல ஸ்டெயின்லெஸ் வாஷர். ஒரு பேனலைக் கழட்டினா மத்ததுக்கு எர்த் அறுந்து போற மாதிரி மாலையாக் கோக்காதீங்க.

#13 ஓம்விதி

யுபிஎஸ், ஜெனரேட்டர் பற்றி மாடிவெயில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கேதான் பெரிய பணம் எரியும்.

இன்வெர்ட்டருக்கு 230 வோல்ட்டும் சரியான அதிர்வெண்ணும் தெரிந்தால் போதும், அது கிரிட்டா ஜெனரேட்டரா என்று கேட்காது. மாற்று சுவிட்சுக்கு வீட்டுப் பக்கத்தில் சோலாரை இணைத்திருந்தால், ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டரும் விழித்து அதோடு சேர்ந்து தள்ளும். வீட்டு லோடு 500 வாட், சோலார் 2500 வாட் என்றால் மீதி 2000 ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போகும். அதற்கு அதை விழுங்க வழியில்லை. வேகம் கூடும், வோல்ட் எகிறும், ஏவிஆர் (வோல்ட்டைச் சீராக்கும் பகுதி) போகும். யுபிஎஸ் வெளியீட்டில் இணைத்தாலும் இதே கதை, சார்ஜ் கட்டுப்பாடு இல்லாத வழியில் பேட்டரிக்குள் திணிக்கப்படும்.

ஆகவே சோலாரின் இணைப்புப் புள்ளி மீட்டருக்கும் மாற்று சுவிட்சுக்கும் இடையில், கிரிட் பக்கத்தில். தனி எம்சிபி, வேறு லோடு எதுவும் அதில் இல்லாமல். மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் கைமாற்று ஃபேஸ் செலக்டர் இருந்தாலும் அதற்கு முன்பே. ஓடும்போது செலக்டரைத் திருப்பினால் இன்வெர்ட்டர் ஒரு நொடியில் 120 டிகிரி விலகிய அலையில் மோதும்.

எம்சிபி அளவு: 3 கிலோவாட் இன்வெர்ட்டரின் உச்ச ஏசி மின்னோட்டம் 14 ஆம்பியர் அளவில் இருக்கும். அதை 1.25-ஆல் பெருக்கினால் 17.5. எனவே 20 ஆம்பியர். 16 போட்டால் சுடும் பெட்டிக்குள் நான்கு மணி நேரம் தொடர்ந்து முழுச்சுமையில் இருந்து, நடுப்பகலில் காரணமே இல்லாமல் விழும். வீட்டின் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிக்கு (எர்த்துக்கு மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) கீழே சோலாரை வைக்காதீர்கள். பேனல் செல்களுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கெபாசிட்டன்ஸ் இருக்கிறது, நனைந்தால் கூடும், மழையில் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். தனி ஆர்சிசிபி கட்டாயம் என்றால் எந்த வகை என்பதை இன்வெர்ட்டர் கையேடு சொல்லும். 'லைன்', 'லோடு' என்று பக்கம் குறித்த எலக்ட்ரானிக் வகைகள் வேண்டாம். பின்னிருந்து மின்சாரம் வந்தால் சில கெட்டுப்போகும்.

#14 மாடிவெயில்

இணைப்புப் புள்ளியை மாற்றிவிட்டேன். இன்வெர்ட்டரும் கீழே, மெயின் போர்டுக்குப் பக்கத்தில், வெயில் படாத சுவரில். மீட்டர் மாற்றும் வரை சும்மா ஓட்டிப் பார்க்கலாமா?

#15 சுற்றுப்பாதை

கூடாது. அனுமதி விஷயம் ஒருபுறம். பழைய எலக்ட்ரானிக் மீட்டர்களில் பலவற்றுக்குத் திசை தெரியாது. நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் உள்ளே எடுத்ததாகவே கூட்டும். ஒரு நாளைக்கு 8 யூனிட் வெளியே தள்ளினால் அந்த 8-க்கும் கட்டணம் கட்டுவீர்கள். இருதிசை மீட்டர் வந்ததும் முதல் வேலை: நல்ல வெயிலில் லோடை அணைத்து, ஏற்றுமதி எண் ஏறுகிறதா, இறக்குமதி எண் அசையாமல் நிற்கிறதா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

#16 பழைய வயர்மேன்

பேனலைத் தாங்குற சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. படுக்கையா வேண்டாம், குறைஞ்சது 10 டிகிரி சாய்வு, பூமத்திய ரேகை பார்த்து. படுக்கையா போட்டா மழைத் தண்ணி கீழ் விளிம்புல தேங்கிக் காய்ஞ்சு அழுக்குக் கோடு விழும்; அந்த ஒரு வரிசை செல் மறைஞ்சா நிமிர்த்தி வைச்ச ஹாஃப்-கட் பேனல்ல (செல்லைப் பாதியா வெட்டி மேல், கீழ்னு ரெண்டு பாதியா கோத்தது) கீழ்ப்பாதியே போச்சு.

காத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்க. ஒரு பேனல் 2.28 × 1.13 மீட்டர், ஆறுக்கு 15.5 சதுர மீட்டர். விநாடிக்கு 40 மீட்டர் காத்துன்னா சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். மொத்தம் ஒண்ணரை டன் தூக்கு விசை. பேனலும் சட்டமும் சேர்ந்து 250 கிலோதான் இருக்கும். வெறும் கனத்துல நிக்கும்னு நம்பாதீங்க, ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள்ள இறங்கணும், ஓட்டையைச் சுத்தி நீர்க்காப்பு பூசணும். கிளாம்ப் பேனல் நீளத்துல நாலுல ஒரு பங்கு தூரத்துல வரணும், முனையில பிடிக்காதீங்க. எம்8 போல்ட்டை எவ்வளவு முறுக்கணும்னு பேனல் கையேட்டுல இருக்கும், டார்க் ரென்ச் வைச்சு முறுக்குங்க. 'நல்லா இறுக்கினேன்'னு சொல்றவங்கதான் கண்ணாடியை உடைக்கிறவங்க.

#17 மாடிவெயில்

எழுதி வைத்துக்கொண்டேன். முதல் முறை உயிர் கொடுக்கும் வரிசை என்ன?

#18 ஓம்விதி

ஐசொலேட்டர், ஏசி எம்சிபி இரண்டும் அணைந்த நிலையில் தொடங்குங்கள். ஸ்ட்ரிங்கின் இரு முனையிலும் டிசி 600 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் மீட்டரில் வோல்ட் அளக்க வேண்டும். 6 பேனலுக்கு 280-க்கு அருகில் எதிர்பாருங்கள்; பேனல் சூடாக இருப்பதால் 297 வராது. 235 என்று வந்தால் ஒரு பேனல் விடுபட்டிருக்கிறது. குறி எதிர்மறையாக வந்தால் கனெக்டரை மாற்றிக் கிரிம்ப் செய்திருக்கிறீர்கள். அப்படியே இன்வெர்ட்டரில் செருக வேண்டாம்.

அடுத்து மெகர், அதாவது இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர். ஸ்ட்ரிங் 500 வோல்ட்டுக்குள் என்பதால் ஐஇசி 62446 தரநிலைப்படி சோதனை வோல்ட் 500, இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. இன்வெர்ட்டரையும் சர்ஜ் அரெஸ்டரையும் கழற்றிவிட்டுத்தான் மெகர் வைக்க வேண்டும். பிறகு ஏசி முனையில் ஃபேஸ்-நியூட்ரல் 230 அளவில், நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள். எர்த் இல்லையென்றால் பல இன்வெர்ட்டர்கள் தொடங்கவே மறுக்கும், அது நல்லதுதான். நாட்டு விதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, ஏசி எம்சிபியைப் போட்டு, பிறகு டிசி ஐசொலேட்டரைப் போடுங்கள். சில நிமிடம் கிரிட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கும், பதற வேண்டாம். அணைக்கும்போது ஏசி முதலில், டிசி அடுத்து. மூடியைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம், உள்ளே கெபாசிட்டர் இறங்க.

ஓடும்போது மெயினை அணைத்துப் பாருங்கள். 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் நின்றாக வேண்டும். லைனில் கை வைத்திருக்கும் ஊழியரின் உயிருக்கான சோதனை இது. மின்வெட்டில் சோலார் இருந்தும் விளக்கு எரியாததற்கும் இதுதான் காரணம்.

#19 காற்றாடி

காற்றாலையை விட்டாச்சு, சோலார் பக்கமே வந்துவிட்டேன். இன்னொரு இழையில் பார்த்தது: மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் 'ஐசொலேஷன் ஃபால்ட்', பத்து மணிக்கு மேல் தானே சரியாகிறது. இன்வெர்ட்டர் கோளாறா?

#20 சுற்றுப்பாதை

எங்கோ ஈரம் டிசியை எர்த்துக்குக் கசியவிடுகிறது. வெயிலில் காய்ந்ததும் சரியாகிறது. பழுது இருக்கும்போதே, இன்வெர்ட்டரிலிருந்து ஸ்ட்ரிங்கைப் பிரித்து, பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கும் மைனஸிலிருந்து எர்த்துக்கும் அளக்க வேண்டும். நல்ல ஸ்ட்ரிங்கில் இரண்டும் நிலையாக நிற்காமல் கரைந்து போகும். பழுதுள்ளதில் நிற்கும். 300 வோல்ட் ஸ்ட்ரிங்கில் பிளஸ்-எர்த் 200, மைனஸ்-எர்த் 100 என்றால், பேனலுக்கு 50 வீதம் பிளஸ்ஸிலிருந்து நான்கு, மைனஸிலிருந்து இரண்டு. மைனஸிலிருந்து எண்ணி இரண்டாவது, மூன்றாவது பேனலுக்கு இடையே உள்ள கனெக்டரையோ சட்டத்தின் கூர்விளிம்பில் உரசிய கேபிளையோ போய்ப் பாருங்கள். ஆறு பேனலையும் கழற்ற வேண்டியதில்லை. கையில் இன்சுலேட்டட் கையுறை.

#21 மாடிவெயில்

கடைசியாக இரண்டு. 3.24 கிலோவாட் பேனலுக்கு நண்பகலில் எவ்வளவு காட்டினால் சரி? தொட்டி நிழலுக்கு என்ன செய்வது?

#22 ஓம்விதி

லேபிள் எண் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியிலும் 25 டிகிரி செல்லிலும் எடுத்தது. செல் 60 டிகிரியில் 12 சதவீதம் போகும், 2.85 மிஞ்சும். அழுக்கு, வயர், இன்வெர்ட்டர் கழித்து 2.6 வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள் கணக்குக்கு உங்கள் இடத்தின் உச்ச வெயில் மணியை (நாள் முழுவதும் வரும் ஒளி எத்தனை மணி நேர 1000 வாட் ஒளிக்குச் சமம் என்ற எண்) பேனல் அளவால் பெருக்கி 0.77-ஆல் பெருக்குங்கள், 5 மணி என்றால் 12.5 யூனிட்.

நிழல் விழும் பேனலின் பைபாஸ் டையோடுகள் (நிழலான செல்களைச் சுற்றி மின்னோட்டத்தை விடும் மாற்றுவழி) திறந்து, மற்ற ஐந்தும் 178 வோல்ட்டில் ஓடும். இன்வெர்ட்டர் மெனுவில் 'நிழல் ஸ்கேன்' என்று ஒன்று இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் எம்பிபிடி தவறான சின்ன முகட்டில் உட்கார்ந்துவிடும். இந்த ஒரு பேனலுக்காக ஆப்டிமைசர் (பேனலுக்கென்றே தனி எம்பிபிடி) வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

#23 பழைய வயர்மேன்

ஆப்டிமைசர் எதுக்கு? அந்தப் பேனலை வரிசையோட அடுத்த முனைக்கு மாத்த இடம் இருக்கான்னு பாருங்க. சாயங்காலம் 3 மணிக்கு மாடியில நின்னு, நிழல் விழுற கோட்டைச் சாக்பீஸ்ல போடுங்க. குளிர்காலத்துல சூரியன் தாழ்ந்து போகும், கோடு இன்னும் நீளும். அதையும் சேர்த்து விட்டுட்டு ஆங்கர் ஓட்டை போடுங்க.